பைனாப்பிள் டின்னில் பட்டு நூல்

காலி டின்னை அழகாக்குவது எப்படி என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள்? பாதிப் பேரிடம் பதில் இருக்காது. பெயிண்ட் வாங்கியிருப்பார்கள், லேஸ் வாங்கியிருப்பார்கள், சணல் கயிறு ஒரு உருண்டை வாங்கியிருப்பார்கள், டின் மட்டும் சரியாகக் கழுவாமல் ஒரு மூலையில் எறும்பு மொய்த்துக் கிடக்கும். அலங்காரம் இந்த வேலையில் கடைசியில் வருவது. அதற்கு முன்னால் செய்கிற வேலைகளில்தான் ஒரு டின் ஒரு மழைக்காலத்தோடு போகுமா, பல வருஷம் நிற்குமா என்பது முடிவாகிறது.

நான் தூத்துக்குடியில் வீட்டிலிருந்தே ஆரி ஒர்க் பிளவுஸ், அதாவது கொக்கி ஊசியால் பூவேலை செய்த பிளவுஸ், போட்டுக் கொடுக்கிறேன், சில பெண்களுக்குச் சொல்லியும் தருகிறேன். இந்தத் தொழிலில் சாமான் எல்லாம் சிறுசு, ஆனால் வகைக்கு முடிவே கிடையாது. பட்டு நூலிலேயே ஒரே பச்சையில் ஏழெட்டு சாயல் வேண்டும், அப்புறம் ஜரி நூல், ஜர்தோசி, சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், சமிக்கி, குந்தன் கல், ஆரி ஊசி, சாதா ஊசி, கத்தரி, சாக். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களும் என்னிடம் இருக்கின்றன, பீட்ஸுக்கு அவைதான் சரி, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நூலுக்கு அப்படி இல்லை. ஜன்னல் ஓரம் வெளிச்சம் படுகிற இடத்தில் கண்ணாடி மாதிரி டப்பாவில் வைத்த நூலில் வெளிச்சம் பட்ட பக்கம் ஒரு நிறமும் மறைவான பக்கம் ஒரு நிறமுமாக ஆகிவிடும், அதை வைத்து ஒரு கழுத்து டிசைன் போட்டால் நடுவில் நிறம் மாறுவது கல்யாண வீட்டு டியூப்லைட்டில் நன்றாகவே தெரியும். தகர டின்னுக்குள் எப்போதும் இருட்டு. நூல் கண்டுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

ஆனால் இது கடற்கரை ஊர். உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் குடியிருக்கிறோம். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், தையல் மிஷின் கால் எல்லாமே இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் டின்னைப் பற்றி நான் யோசித்ததெல்லாம் துருவைச் சுற்றித்தான், உங்கள் ஊர் ஈரோடோ திருச்சியோ என்றால் நான் சொல்வதில் பாதி அளவு பயந்தால் போதும்.

டின் என்கிறோமே, அது உண்மையில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய இரும்புத் தகடு. அதன் இரண்டு பக்கமும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே அதே வெள்ளீயம்தான், ஆனால் இதில் பூச்சு மிக மிக மெல்லியது. பூச்சு முழுசாக இருக்கிறவரை இரும்புக்குக் காற்றும் தண்ணீரும் படாது. ஒரு கீறல் விழுந்தால் கதை மாறிவிடும். துத்தநாகம் பூசிய வாளி இருக்கிறதல்லவா, அதில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். வெளிக்காற்றில் வெள்ளீயம் அப்படிச் செய்யாது, கீறல் விழுந்த இடத்தில் இரும்பை முன்னால் விட்டுவிட்டுத் தான் பத்திரமாக இருந்துகொள்ளும். அதனால்தான் காலி டின்னில் துரு எப்போதும் மூன்று இடத்தில் ஆரம்பிக்கிறது: மூடியை வெட்டிய விளிம்பு, அடிப்பக்கத்து மடிப்பு, பக்கவாட்டில் மேலிருந்து கீழே ஓடுகிற இணைப்பு. இந்த மூன்று இடத்தையும் கவனித்துக்கொண்டால் மற்றதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

டின்னைக் காப்பாற்ற நினைத்து அதைக் கெடுக்கிற ஒரு வேலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லேபிள் உரியவில்லை, உள்ளே வாடை போகவில்லை என்று சிலர் டின்னை அடுப்பில் காட்டிச் சுட்டு எடுப்பார்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், விறகு அடுப்பின் சூடு அதைத் தாண்டியது. உள்ளே பூசிய லாக்கர் என்கிற வார்னிஷ் மாதிரிப் பூச்சும் கருகி நாறும், அந்தப் புகையும் நல்லதில்லை. சுட்ட டின் அன்றைக்குச் சுத்தமாக இருக்கும், அடுத்த சில நாளில் முழுக்கச் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும்.

டின் கிடைக்கிற இடம் பற்றி. வீட்டில் டின் வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் நமக்குக் குறைவு, அதனால் பேக்கரியும் ஜூஸ் கடையும்தான் வழி. கேக்குக்குப் போடுகிற பைனாப்பிள் துண்டு 850 கிராம் டின்னில் வரும், சுமார் 10 சென்டிமீட்டர் குறுக்களவு, 12 சென்டிமீட்டர் உயரம். மாம்பழக் கூழும் அதே அளவில் வரும், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் அடைத்து வருவதுதான் பெரும்பாலும், அதிலேயே 3.1 கிலோ பெரிய டின் ஒன்று உண்டு, ஜூஸ் கடைகளில் பார்த்திருப்பீர்கள், லேஸ் சுருளும் உல்லன் பந்தும் வைக்க அதுதான் அளவு. மில்க்மெய்டு டின் சின்னது, பாபினுக்கும் சாக்குக்கும் சரி. எங்கள் தெரு பேக்கரி அண்ணாச்சியிடம், "டின்னை நசுக்கிடாதீங்க அண்ணாச்சி, சாக்குல போட்டு வைங்க, நான் வந்து எடுத்துக்கிடுறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். காயலான் கடைக்குப் போட்டால் அவருக்குத் தகரத்துக்குப் பெரிய விலை கிடைக்காது, ஒரு பிளவுஸுக்கு ஓரம் தைத்துக் கொடுத்தால் அவர் வீட்டு அக்காவுக்கும் சந்தோஷம். பூச்சிமருந்து, தின்னர், பெயிண்ட் இருந்த டின்கள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் மடிப்புக்குள் மிச்சம் இருக்கும்.

இருப்பதிலேயே நல்லது எது என்றால் பால் பவுடர் டின். என் மைனி வீட்டில் குழந்தை பிறந்த வருஷம் எனக்குப் பொற்காலம். பால் பவுடர் டின்னுக்கு விளிம்பு ஆலையிலேயே உள்பக்கம் சுருட்டி வந்திருக்கும், கை கிழிக்காது, வெட்டிய இரும்பு வெளியே தெரியாது, மேலே பிளாஸ்டிக் மூடியும் சேர்ந்தே வரும். பழைய பிஸ்கட் டின்கள் பாட்டி காலத்திலிருந்து இன்றும் ஊசி நூலோடு வீடுகளில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணமும் இதுதான். உள்ளும் வெளியும் லாக்கர் பூசி, படம் அச்சடித்து, விளிம்பு சுருட்டி வந்தவை அவை. இப்போது பால் பவுடரும் அட்டைப் பெட்டி ரீஃபில்லில் அதிகம் வருகிறது, டின் கிடைத்தால் விடாதீர்கள். இன்னொன்று, பார்வைக்கு டின் மாதிரியே இருந்து உடம்பு மட்டும் அட்டையாக, அடி மட்டும் தகரமாக இருக்கிற டப்பாக்கள் உண்டு. ஒரு காந்தத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், கொழகொழவென்று பிரிந்து வந்துவிடும். கூல்டிரிங்க்ஸ் கேனிலும் காந்தம் ஒட்டாது, அது அலுமினியம், சேமிப்பு டப்பாவாக ஆக்க முடியாத அளவுக்கு மெல்லிசு. அதற்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இனி மூடியைத் திறப்பது. பேக்கரிகளில் குத்தி நெம்பித் திறக்கிற ஓப்பனர்தான் இருக்கும், இல்லையென்றால் கத்தியும் சுத்தியலும். டின்னில் உணவை அடைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் 1810இல் காப்புரிமை வாங்கினார்கள், அதைத் திறப்பதற்கென்று ஒரு கருவி வர அதற்கப்புறம் 40 வருஷத்துக்கு மேல் ஆனது, அதுவரை உளியும் சுத்தியலும்தான். பேக்கரியின் பின்கட்டில் இன்றைக்கும் அந்தக் காலம்தான் நடக்கிறது. அப்படித் திறந்த டின்னின் வாய் சுறாப் பல். நான் பக்கவாட்டில் வெட்டுகிற ஓப்பனர் ஒன்று வாங்கி அண்ணாச்சியிடமே கொடுத்து வைத்துவிட்டேன். அது மூடியின் தகட்டை வெட்டாது, விளிம்பு மடிப்பின் வெளிப்பக்கத்தை வெட்டி மூடியை அப்படியே கழற்றி எடுத்துவிடும், வாய் வழுவழுப்பாக இருக்கும், மூடியும் வளையாமல் கிடைக்கும், திரும்ப மேலே உட்கார வைக்கலாம். இந்த வேலையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரே கருவி இதுதான் என்று நான் சொல்வேன். வளையத்தைப் பிடித்து இழுத்துத் திறக்கிற டின்னில் கவனம் வேண்டும், மூடி சுத்தமாக வந்த மாதிரி தெரிந்தாலும் உள்விளிம்பில் ஒரு மெல்லிய வரம்பு நிற்கும், நூல் கண்டை எடுக்கிறபோது கையையும் நூலையும் ஒன்றாக அறுக்கும்.

சுறாப் பல் டின்தான் கையில் இருக்கிறது என்றால், கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு பிசிறையும் உள்பக்கம் மடக்கிச் சுவரோடு சேர்த்து நெரித்துவிடுங்கள். அப்புறம் அரத்தால் ஒரு சுற்று, உப்புத்தாளால் ஒரு சுற்று. ஒரு துண்டு பஞ்சை எடுத்து விளிம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள், எங்கேயாவது பஞ்சு மாட்டினால் அங்கே இன்னும் பிசிறு இருக்கிறது. விரலால் தடவிப் பார்க்காதீர்கள். கனமான தோல் கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், இந்தக் கட்டத்தில் குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைக்கவும் வேண்டாம், பள்ளிக்கூடத்து ப்ராஜெக்ட் என்றாலும் இந்த வேலை பெரியவர்களுடையது, பெயிண்ட் மட்டும் பிள்ளைகளுக்கு.

கழுவுவதில் ரகசியம் எதுவும் இல்லை, வெந்நீர், சபீனா, பழைய டூத் பிரஷ். பிரஷ் அடிப்பக்கத்து மடிப்பில் போக வேண்டும், சர்க்கரைப் பாகு அங்கேதான் ஒளிந்திருக்கும், எறும்பு அதைக் கண்டுபிடிக்காமல் விடாது. லேபிள் பசை போகவில்லையா, தேங்காய் எண்ணெயும் ஆப்ப சோடாவும் குழைத்துத் தடவி அரை மணி நேரம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும், அதன் பிறகு எண்ணெய்ப் பசை போகிற மாதிரி இன்னொரு முறை சோப்புப் போட வேண்டும், எண்ணெய் மிச்சம் இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. துடைத்தவுடன் வெயிலில் முதலில் கவிழ்த்து, பிறகு நிமிர்த்து. மடிப்புக்குள் நிற்கிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் ஊர் வெயிலில் ஒரு பகல் போதும், மழைக்காலத்தில் நான் ஹேர் டிரையர் வைத்துக் காட்டுகிறேன்.

காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் வெளிப்பக்கம் லேசாகத் தேய்த்துப் பளபளப்பைக் குறைக்க வேண்டும், அழுத்தித் தேய்த்தால் வெள்ளீயமே போய்விடும், மேலோட்டமாக மங்கினால் போதும். பழைய காலத்துப் படம் போட்ட டின்னைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், அந்தக் காலத்து மையிலும் பெயிண்டிலும் காரீயம் இருக்க வாய்ப்புண்டு, தூசியாக வீட்டுக்குள் பறக்கும். வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016இல்தான். அழகான பழைய டின் கிடைத்தால் துடைத்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் எதை ஒட்டினாலும் அதைவிட அழகாக ஆகப் போவதில்லை.

அடுத்து பிரைமர், பெயிண்டுக்கு அடியில் அடிக்கிற முதல் பூச்சு. இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் பொறுமை போய்விடுகிறது. கைவினைப் பொருள் கடையில் விற்கிற அக்ரிலிக் பெயிண்டை வெறும் தகரத்தில் அடித்தால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், நகத்தால் கீறினால் தோல் மாதிரி உரிந்து வரும். ஹார்டுவேர்ஸ் கடையில் ரெட் ஆக்சைடு பிரைமர் சின்ன டப்பாவில் கிடைக்கும், கேட் அடிக்க வாங்குகிற அதே சாமான், வெளிப்பக்கமும் அடிப்பக்கமும் ஒரு கை, வெட்டிய விளிம்பிலும் மடிப்பிலும் சின்ன பிரஷால் இரண்டு கை. செங்காவி நிறம் மேலே போடுகிற வெளிர் நிறத்தைக் கெடுக்கும் என்று நினைத்தால் சாம்பல் நிற மெட்டல் பிரைமர் கேளுங்கள். ஒரு கை முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த கை. காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதைவிட மோந்து பார்ப்பது நம்பகம், தின்னர் வாடை இருக்கிறவரை காயவில்லை.

இதெல்லாம் தேவையா, ஒரு பேனா ஸ்டாண்டுக்கு இவ்வளவா என்று என்னிடம் படிக்க வந்த பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, 2023 டிசம்பர் வெள்ளம் சொல்லிவிட்டது. அந்த மாதம் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், வீட்டுக்குள் அதைவிடக் கொஞ்சம் குறைவு, வடிய நாளானது. கட்டில் மேல் துணியும் பிளவுஸும் மிஷினும் ஏறிவிட்டன, கீழ்த்தட்டு அலமாரியில் இருந்த டின்களை யார் நினைத்தது. தண்ணீர் வடிந்து பார்த்தபோது மூடி போட்ட பால் பவுடர் டின்கள் மிதந்து கட்டிலுக்கடியில் ஒதுங்கியிருந்தன, உள்ளே நூல் பெரும்பாலும் அப்படியே இருந்தது, ஒன்றிரண்டில் லேசாக ஈரம் ஏறியிருந்ததோடு சரி. வாய் திறந்த டின்கள் சேறு நிரம்பி நின்ற இடத்திலேயே நின்றன, அவற்றில் இருந்த லேஸ் எல்லாம் போயிற்று.

கழுவிக் காய வைத்தபோதுதான் எது எப்படித் துருப்பிடிக்கும் என்று ஒரே வரிசையில் பார்க்கக் கிடைத்தது. பிரைமர் அடித்து எனாமல் பெயிண்ட் போட்டவற்றில் அடி விளிம்பில் மட்டும் சில புள்ளிகள். பிரைமர் இல்லாமல் வெள்ளைப் பசை தடவிக் காகிதம் ஒட்டியவற்றில் காகிதத்துக்கு அடியில் பழுப்பு நிறம் ஊறி மேலே பூப்பூவாகத் தெரிந்தது, காகிதத்தை உரித்தால் தகரத்தின் தோலும் சேர்ந்து வந்தது. சணல் சுற்றியவைதான் ரொம்ப மோசம். சணல் தண்ணீரைக் குடித்துவிட்டு விடமாட்டேன் என்கிறது, வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்சுற்று ஈரமாகவே இருந்து டின்னைத் தின்றுவிட்டது. எங்கள் ஊருக்கு வெள்ளம் வருஷா வருஷம் வராது, ஐப்பசி கார்த்திகையில் காற்றிலேயே இருக்கிற ஈரம் இதே வேலையை மெதுவாகச் செய்யும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் பசை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெள்ளைப் பசை தண்ணீரில் கரைந்த பசை, அந்தத் தண்ணீர் வெளியே போனால்தான் பிடிக்கும். துணியும் காகிதமும் மூச்சு விடும், அவற்றின் வழியாகத் தண்ணீர் வெளியேறும், ஆகவே பிரைமர் மேல் துணி ஒட்ட அது தாராளமாகப் போதும். தகரத்தின் மேல் கண்ணாடிக் கல்லையோ பிளாஸ்டிக் பூவையோ அதை வைத்து ஒட்டினால் நடுவில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும், வாரக்கணக்கில் பிசுபிசுவென்று இருந்து ஒரு நாள் விழும். அதற்கு மரவேலைக்காரர்கள் லேமினேட் ஒட்டுகிற மஞ்சள் பசை சரி, இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகு அழுத்த வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், தலை சுற்றும். குளூ கன் வைத்து லேஸ் ஒட்டுகிறவர்கள் டின்னை முதலில் வெயிலில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த தகரம் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், பசை மேலே உறைந்து உட்காருமே தவிரப் பிடிக்காது, ஒரு முனையைத் தூக்கினால் முழுசாகக் கழன்று வரும்.

சரி, அலங்காரத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்தது பழைய புடவை பார்டர். கிழிந்த பட்டுப் புடவையில் கடைசிவரை நன்றாக இருப்பது பார்டர்தான், 850 கிராம் டின்னைச் சுற்ற 32 சென்டிமீட்டர் இருந்தால் போதும், மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, நடுவில் ஒரே நிற எனாமல். சுங்குடித் துண்டும் அருமையாக இருக்கும். பத்தமடைப் பாயில் ஓரம் கிழிந்து தூக்கிப் போடுகிற துண்டுகளை வெட்டி நான் டின்னைச் சுற்றி வைத்திருக்கிறேன், வெட்டிய ஓரம் பிரியாமல் இருக்கத் துணிப்பட்டை வைத்துத் தைத்துவிட வேண்டும். இதில் ஒரு விஷயம் முக்கியம், பாயையோ கனமான துணியையோ டின்னோடு ஒட்டாதீர்கள். உறை மாதிரித் தைத்து மேலிருந்து மாட்டுங்கள். மழைக்காலத்தில் கழற்றி உதறிக் காய வைக்கலாம், அழுக்கானால் துவைக்கலாம், அலுத்துப் போனால் மாற்றலாம். மணப்பாட்டுப் பக்கம் பனை ஓலையில் பெட்டி முடைகிறவர்களிடம் டின்னைக் கொடுத்து அதன் அளவுக்கே ஓலை உறை முடைந்து வாங்கிவிட்டால் அதற்கு மேல் ஒரு அலங்காரமும் வேண்டாம். சணல் சுற்றுவது எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் மேலே சொல்லிவிட்டேன். அதோடு சணலில் தூசி உட்கார்ந்தால் எடுக்கவும் முடியாது, எல்லோரும் அதையே செய்கிறார்கள் என்பதால் இது கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கலாம்.

கோலம் வரைகிற கை உள்ளவர்கள் கரும்பச்சையோ காவியோ அடித்து வெள்ளை அக்ரிலிக்கில் புள்ளிக் கோலம் போடலாம். தட்டைத் தரையில் போடுகிற கோலம் உருளையில் வராது, புள்ளிகளின் இடைவெளி சுற்றி வந்து முதல் புள்ளியோடு சேர வேண்டும். டின்னைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி வெட்டி, அந்தப் பட்டையை 8 ஆகவோ 16 ஆகவோ மடித்துப் பிரித்தால் மடிப்புக் கோடுகளே புள்ளி வைக்கிற இடம். மேலே ஒரு கை வார்னிஷ்.

உள்பக்கம் பெயிண்ட் அடிக்காதீர்கள், பட்டு நூலில் வாடை ஏறும். உள்ளே லாக்கர் பூசி வந்த டின் என்றால் அதுவே போதும், வெள்ளையாகவோ பொன் நிறமாகவோ தெரியும். இல்லையென்றால் பழைய காட்டன் புடவையில் சுருக்குப்பை மாதிரி ஒன்று தைத்து உள்ளே இறக்கி, வாயை வெளிப்பக்கம் மடித்து விடுங்கள். விளிம்புக்கும் அதுவே உறையாகிவிடும்.

ஜரி வைக்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஜரிக் கண்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி மூடிய டின்னில் வைக்காதீர்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளி ஜரியை அது கருக்கும், மூடிய இடத்தில் இன்னும் வேகமாக. செம்புக் கம்பியில் செய்த சாதா ஜரியும் ஈரத்தில் கருக்கும். வெள்ளை நூலால் கட்டி, மெல்லிசுக் காட்டனில் சுற்றி வையுங்கள், புதுச் செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று அடியில் போடுங்கள். டின்னின் அடியில் அலமாரிப் பலகையில் துரு வளையம் விழாமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை மோதிரம் மாதிரி வெட்டி மாட்டுகிறேன், ரப்பர் அங்கே வெளியே இருப்பதால் கெடுதல் இல்லை.

என்ன டின்னில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுவதைவிட அதே நூலில் ஒரு சின்ன வளையம் முடிந்து மூடியில் ஒட்டிவிடுங்கள், அதன் அருகில் நூலின் நம்பரைப் போடுங்கள். இரவு லைட்டில் பார்த்து எழுதிய "கிளிப்பச்சை" பகலில் வேறு பச்சையாக இருக்கும், நம்பர் மாறாது. கூல்டிரிங்க்ஸ் கேனுக்கு வேலை இங்கேதான். அதைக் கத்தரியால் வெட்டி விரித்து, பழைய நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து பின்பக்கம் புடைத்து வரும், ஓரத்தை மடக்கிவிட்டு ஓட்டை போட்டுத் தொங்கவிடலாம். எழுத்துப் புடைத்த பக்கத்தில் நேராகத் தெரிய வேண்டுமென்றால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி எழுத வேண்டும். தகரத்தில் காந்தம் ஒட்டும் என்பதையும் மறக்காதீர்கள், பழைய இயர்போனில் இருக்கிற துளிக் காந்தத்தை டின்னின் வெளிப்பக்கம் வைத்துவிட்டால் ஆரி ஊசி கீழே விழுந்து தேடுகிற வேலை இல்லை.

டின்னில் ஓட்டை போட வேண்டியிருந்தால், அதாவது சுவரில் மாட்டவோ கைப்பிடி கோர்க்கவோ, வெறும் டின்னில் ஆணி வைத்து அடித்தால் குழிந்துவிடும். முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துக் கட்டியானதும், மடித்த துண்டின் மேல் படுக்க வைத்து ஆணி அடியுங்கள், ஐஸ் உள்ளிருந்து தாங்கிக்கொள்ளும். ஓட்டையின் ஓரமும் வெட்டிய விளிம்புதான், பிரைமர் தொட்டு வைக்க வேண்டும். இதை பெயிண்ட் அடிப்பதற்கு முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது. சுவரில் மாட்டுவதற்குப் பலகை ஒன்றில் டின்களைப் படுக்கை வசமாக வைத்து போல்ட்டும் அகலமான வாஷரும் போட்டு முறுக்கினால் நூல் கண்டுகளுக்கு அருமையான அலமாரி, வாய் கொஞ்சம் மேல்நோக்கி இருக்கிற மாதிரி வையுங்கள், கண்டு உருண்டு வராது.

உயரமான டின்னில் கத்தரியும் ஸ்கேலும் மட்டும் போட்டு வைத்தால் கை பட்டவுடன் சாயும். அடியில் ஒரு துணிப்பொட்டலத்தில் ஆற்று மணல், சுத்தமாகக் கழுவிக் காய வைத்தது, போட்டு விடுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

15 கிலோ எண்ணெய் டின்னை என்ன செய்வது என்று கேட்பவர்கள் நிறைய. நீளவாக்கில் பாதியாக வெட்டினால் இரண்டு பெரிய தட்டு கிடைக்கும், உள்ளே சின்ன டின்களை வரிசையாக அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளலாம். ஆனால் வீட்டில் வெட்டாதீர்கள், பட்டறையில் கொடுத்தால் வெட்டி, நான்கு பக்கமும் விளிம்பை மடித்துக் கொடுத்துவிடுவார்கள், கூலி பெரிதாக ஆகாது. கொடுப்பதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும், மரத்தூளைப் போட்டுக் குலுக்கிக் கொட்டினால் பாதி எண்ணெய் அதோடு போய்விடும், மீதிக்கு வெந்நீரும் சோப்புத் தூளும். இரண்டு தட்டில் எனக்கு ஒன்று போதும், இன்னொன்றில் மைனி கொத்தமல்லி போட்டிருக்கிறாள்.